எழுத்து தெரியாத வயதில் நூலகத்தில் என்ன வேலை?

குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பிறகு நூலகத்துக்கு அழைத்துப் போனால் போதும் என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் குடியிருக்கிறோம். இங்குள்ள கோயிலில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் உதவி செய்கிறேன். வகுப்பு முடிந்ததும் மகளை நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால், "அவளுக்குப் படிக்கவே தெரியாதே, படம் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படம் பார்க்கத்தான் போனோம். அவளுக்கு மூன்று வயது நிரம்பியதிலிருந்து போய்வருகிறோம். இப்போது அவள் கிரேட் ஆர் எனப்படும், முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பில் இருக்கிறாள். இந்த இடைவெளியில் நான் கண்டது என்னவென்றால், நூலகம் சின்னக் குழந்தைக்குக் கற்றுத்தரும் பாடங்களில் எழுத்து மிகவும் பின்னால்தான் வருகிறது. தானே தேர்ந்தெடுப்பது, முன்பின் தெரியாதவரிடம் வாய்திறந்து கேட்பது, தனதல்லாத ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்து நாள் தவறாமல் திருப்பிக் கொடுப்பது ஆகியவை அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் வாய்ப்பு அரிது. உடுப்பையும் உணவையும் நாம் முடிவு செய்கிறோம். புத்தகக் கடைக்குப் போனாலோ விலை முடிவு செய்துவிடுகிறது. இந்த நாட்டில் புத்தகத்துக்கும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு. கெட்டி அட்டை போட்ட ஒரு படப் புத்தகத்தின் விலையைப் பார்த்த பிறகு, "இது வேண்டாம், அதை எடு" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. நூலகத்தில் பிழையான தேர்வு என்று ஒன்றும் கிடையாது. பிடிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. என் மகள் சில மாதங்கள் வரை மண்வாரி இயந்திரங்களின் படங்கள் நிறைந்த புத்தகங்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பெரியவர்களுக்கான பாம்புக் கையேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதைப் பிடுங்கி அதனிடத்தில் ஒரு 'நல்ல' கதைப் புத்தகத்தை வைக்கக் கை பரபரக்கும்தான். நாங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட ஏற்பாடு, ஒரே ஒரு புத்தகத்தை அம்மா எடுப்பாள், மற்றவை எல்லாம் மகள் விருப்பம் என்பது. பாம்புக் கையேடும் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்த பச்சை மாம்பா என்ற நச்சுப் பாம்பின் படத்தை அவள் அறிந்துகொண்டது, இந்தக் கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தேவையான அறிவுதான்.

சிறுவர் பிரிவில் படப் புத்தகங்களைத் தாழ்வான பெட்டிகளில், முன்னட்டை தெரியும்படி நிறுத்தியிருப்பார்கள். முதுகெழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அட்டையைப் பார்த்தே எடுக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. குழந்தை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது, நேரம் வீணாகிறது என்று தோன்றும். அருகில் உட்கார்ந்து கவனித்தால், எந்தப் படத்தில் கை நிற்கிறது, எதை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் வைக்கிறது என்பதெல்லாம் தெரியும். என் மகளுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்பதே, இரவுக் காட்சி வரைந்த அட்டைகளை அவள் தொடாமல் கடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் நூலகத்தில் சில நாட்களில் கதை நேரம் உண்டு. கதை சொல்லும் நூலகப் பணியாளர் ஜூலுப் பெண்மணி. பிள்ளைகள் அனைவருக்கும் அவர் ஆன்ட்டி. ஆங்கிலத்தில்தான் கதை சொல்வார் என்றாலும், தொடங்கும்போது மட்டும் ஜூலு முறைப்படி "குவாசுகசுகேலா" என்று குரல் கொடுப்பார். பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் "சோசி" என்று ஒரே குரலில் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலின் முதல் ஒலி, நாம் இரக்கப்பட்டு உச்சுக் கொட்டும்போது பல்லிடுக்கில் எழுமே, அதேதான். பெரியவர்கள் நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தோற்றுப்போவோம். பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்று ஜூலு வீடுகளில் சொல்வதுண்டாம். ஆன்ட்டி கதையை முடித்ததும் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார், பிள்ளைகளும் தங்கள் தலைகளைத் தடவிக்கொள்வார்கள். நம் வீடுகளில் கதை கேட்கும் பிள்ளை உம் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று பாட்டிமார் எதிர்பார்ப்பதும் இதே வகைதான். கதை என்பது சும்மா காதில் விழும் ஒன்றன்று, கேட்பவரும் சேர்ந்து நடத்தவேண்டியது என்ற பழக்கம் அந்தப் பாயில் உட்கார்ந்தவுடனேயே படிகிறது. தொலைக்காட்சியோ கைப்பேசியோ குழந்தையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை.

ஒருநாள் ஆன்ட்டி சொன்னது சகிஜானாவின் கதை. சகிஜானா என்பது ஜூலுக் கதைகளில் வரும் கீரி. உருவத்தில் சிறியது, பொய் சொல்லக் கூச்சப்படாதது, தன்னைவிடப் பெரிய விலங்குகளையெல்லாம் ஏமாற்றித் தப்பிப்பது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகள் மட்டும் குழம்பிப்போனாள். ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த கீரி வேறு. தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிவிட்டு, வாயில் இரத்தத்தோடு வாசலில் வந்து நின்று, அவசரப்பட்ட தாயின் கையால் அடிபட்டுச் செத்துப்போன கீரியின் கதையை நான் அவளுக்கு அடிக்கடி சொல்லியிருக்கிறேன். "அம்மா, கீரி நல்லதா, கெட்டதா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல், ஆன்ட்டியிடமே கேள் என்றேன்.

ஆன்ட்டியும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நாட்டுப்புறக் கதைகள் உள்ள தட்டிலிருந்து விலங்குகள் உள்ள தட்டுக்குப் போனார். புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்கள் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையைச் சேர்ந்தவை. அதில் நாட்டுப்புறக் கதைகளுக்கு 398, பாலூட்டிகளுக்கு 599. மகளுக்கு அந்த எண்களின் பொருள் தெரியாது. ஆனால் கதைகள் ஓரிடத்திலும் உண்மை விலங்குகள் வேறோர் இடத்திலும் இருக்கின்றன என்பது அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது. 599இல் கிடைத்த புத்தகத்தில் கோடு போட்ட கீரிகள் கூட்டமாக நிற்கும் புகைப்படம் இருந்தது. டர்பனின் புதர்க்காடுகளை ஒட்டிய வீடுகளில் அவை குப்பைத்தொட்டியைக் கிளற வருவதுண்டு. அவை எதைத் தின்னும், குட்டிகளை யார் பார்த்துக்கொள்ளும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. நல்லதா கெட்டதா என்று எங்கும் எழுதவில்லை. அவள் மூன்று கீரிகளையும் அப்படியே வைத்துக்கொண்டாள்: ஆன்ட்டியின் கீரி ஏமாற்றுவது, அம்மாவின் கீரி பாவம், புத்தகத்துக் கீரி வண்டு தின்பது. கதையையும் தகவலையும் பிரித்தறிவதைப் பள்ளிப் பாடத்தில் எந்த வயதில் வைத்திருக்கிறார்கள் என்று நான் அறியேன், நான்கரை வயதில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நடந்தே அதைக் கற்கமுடியும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, வீட்டில் கேள்வி எழுந்தால் கைப்பேசியைத் தேடாமல் ஒரு தாளில் சின்னப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்தமுறை நூலகத்துக்கு எடுத்துப் போகிறோம். விடை கிடைக்கச் சில நாட்கள் பொறுக்கவேண்டும் என்பதில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பொறுமை நமக்குத்தான் இல்லை. சில கேள்விகளுக்கு நூலகத்தோடு நிற்கவும் தேவையில்லை. டோடோப் பறவை ஏன் இப்போது இல்லை என்று அவள் கேட்டபோது, புத்தகத்தைப் பார்த்த கையோடு நகரமன்றக் கட்டடத்தில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய், மொரீஷியஸிலிருந்து வந்த டோடோ எலும்புகளைக் கண்டுவந்தோம். 1910இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தூண்களைக் கண்டு அவள் வியந்த அளவுக்கு டோடோவைக் கண்டு வியக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

வாய்திறந்து கேட்பது பற்றி. சாட்ஸ்வொர்த்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். அதனால் மொழி தடையில்லை, கூச்சம்தான் தடை. குழந்தைக்காக நாமே பேசிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. நூலக மேசை அதை மாற்றுவதற்கு ஏற்ற இடம். அங்கே இருப்பவரின் வேலையே கேள்விக்குப் பதில் சொல்வது, பின்னால் நிற்கும் வரிசையும் பெரும்பாலும் நீளமாக இருக்காது. மகளிடம் வீட்டிலேயே சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்வேன்: முதலில் "சாவுபோனா" என்று வணக்கம், பிறகு கேள்வி, கடைசியில் நன்றி. மேசையருகே நான் இரண்டடி பின்னால் நின்றுவிடுவேன். தொடக்கத்தில் அவள் என் துப்பட்டாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்போது நான் குறுக்கே புகுந்து பேசாமல், "இன்னொரு நாள் கேட்கலாம்" என்று அழைத்து வந்துவிட்டேன். கேட்காமல் வந்ததால் அந்தத் தவளைப் புத்தகம் கிடைக்கவில்லை. அடுத்தமுறை அவளே கேட்டு வாங்கினாள்.

உறுப்பினர் அட்டையை அவள் பெயரிலேயே எடுப்பது நல்லது. பெற்றோரின் அடையாள அட்டையும், முகவரிக்குச் சான்றாக மின்சாரம் தண்ணீர்க் கட்டண ரசீதும் கொண்டுபோனால் வேலை எளிதாக முடியும். அட்டையில் தன் பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த எழுத்துகளை எழுதிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்தது. எங்கள் நூலகத்தில் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் சீட்டில் திருப்பித் தரவேண்டிய தேதியை இன்னமும் முத்திரையாகக் குத்துகிறார்கள். மேலிருந்து கீழாக வரிசையாக நிற்கும் அந்த ஊதா நிறத் தேதிகளின் மேல் அவள் விரல் வைத்து நகர்த்துவாள். ஒவ்வொரு தேதியும் இதே புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோன ஒருவர் என்று ஆன்ட்டி சொல்லிக்கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் அந்த நாளின் கட்டத்தில் ஒரு புத்தகம் வரைவாள். நாளை, நாளன்றைக்கு, அடுத்த வாரம் என்ற சொற்களெல்லாம் அவளுக்கு அந்தக் கட்டங்களால்தான் விளங்கின.

பிள்ளை புத்தகத்தைக் கிழித்துவிடுமே என்ற அச்சத்தாலேயே கடன் வாங்காத பெற்றோர் உண்டு. நாங்கள் எடுத்த ஒரு புத்தகத்தில் முன்பே ஒரு பக்கம் பாதிவரை கிழிந்திருந்தது. நான் ஒட்டித் தருகிறேன் என்றதற்கு, தயவுசெய்து வேண்டாம் என்றார் ஆன்ட்டி. கடையில் விற்கும் சாதாரண ஒட்டுநாடா நாளடைவில் மஞ்சளாகிப் பிசின் கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளுமாம். அவர்களிடம் இதற்கென்றே அமிலமில்லாத நாடா இருக்கிறது. அவர் கிழிந்த விளிம்புகளை முதலில் இழை இழையாகப் பொருத்தி, நாடாவை ஒரு முனையிலிருந்து இறக்கி, அளவுகோலின் ஓரத்தால் காற்றுக் குமிழை வெளியே தள்ளியதை என் மகள் மேசைமேல் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். கிழிந்தால் மறைக்காமல் கொண்டுவந்து சொல், நான் சரிசெய்வேன் என்று அவளிடம் சொன்னார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் அவர் எழுதியதை அந்த மேசையில் ஒரு ஜூலுப் பெண்மணி கடைப்பிடிப்பதைக் கண்டபோது எனக்கு ஊர்ப் பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த ஆயா ஒருவர் இருக்கிறார். நிறவெறி ஆட்சி கொண்டுவந்த 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டத்தால் இந்தியர்கள் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்டு 1960களில் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றப்பட்டபோது வந்த குடும்பம் அவருடையது. 1953ஆம் ஆண்டின் தனி வசதிச் சட்டம் இனத்துக்கொரு பூங்கா, இனத்துக்கொரு கடற்கரை, இனத்துக்கொரு நூலகம் என்று பிரித்து வைப்பதை அனுமதித்தது. அவை சமமாக இருக்கத் தேவையில்லை என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 1990இல்தான் அது நீக்கப்பட்டது. ஆயா சிலசமயம் எங்களோடு நூலகத்துக்கு வருவார். அவருக்கு வாசிக்கக் கண் சரியில்லை. சமையல் புத்தகங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு சிறுவர் பிரிவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பழைய கதைகளை அவர் குழந்தைக்குச் சொல்வதில்லை, நானும் இந்த வயதில் சொல்லவில்லை. எல்லா நிறப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே புத்தகத்துக்கு முறை வைத்துக் காத்திருப்பதை என் மகள் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறாள், அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

நடைமுறையில் சில செய்திகள். பசியோடு அழைத்துப் போகவேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கவேண்டாம்; இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று குழந்தை கெஞ்சும்போதே கிளம்பிவிடுவது நல்லது. நூலகத்தைப் பரிசாகவும் ஆக்கக்கூடாது, சேட்டைக்குத் தண்டனையாக ரத்தும் செய்யக்கூடாது. எழுத்துகளைக் காட்டி "இது என்ன?" என்று அங்கே சோதனை வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் படித்ததைப் பொருள் புரிந்துகொள்ளும் நிலையை எட்டவில்லை என்று தெரிந்ததிலிருந்து பெற்றோரிடம் ஒரு பதற்றம் இருக்கிறது. அது நியாயமான பதற்றம். ஆனால் அந்த ஆய்வு காட்டியது எழுத்தை ஒலிக்கத் தெரியாமையை மட்டுமன்று, பொருளைப் பிடிக்க முடியாமையையும்தான். பொருளைத் தேடும் பழக்கத்தை எழுத்துக்கு முன்பே படங்களோடு தொடங்கலாம்.

இனித் தமிழ். எங்கள் நூலகத்தின் சிறுவர் பிரிவில் தமிழ்ப் படப் புத்தகம் எதுவும் இருக்கவில்லை. அதற்கு எனக்குக் கைகொடுத்தவை சொல்லே இல்லாத படப் புத்தகங்கள். கதை முழுவதும் படத்திலேயே இருப்பதால் எந்த மொழியிலும் சொல்லலாம். கோயில் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பக்கம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னால், பாடப் புத்தகத்தில் வாய் திறக்காதவர்கள்கூடப் பேசுகிறார்கள். அடுத்த வழி, திறந்த உரிமத்தில் கிடைக்கும் கதைகள். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஜூலுவிலும் படக்கதைகள் உள்ளன, அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. தென்னாப்பிரிக்காவில் 2014இல் தொடங்கிய புக் டாஷ் அமைப்பில் எழுத்தாளரும் ஓவியரும் வடிவமைப்பாளரும் தன்னார்வத்தோடு கூடி ஒரே நாளில் ஒரு படப் புத்தகத்தை உருவாக்கி இலவசமாக விடுகிறார்கள், அவற்றையும் மொழிபெயர்க்கலாம். இங்குள்ள பிள்ளையின் தெருவும் கடையும் மினிபஸ் டாக்சியும் படத்தில் இருக்க, சொற்கள் தமிழில் இருப்பது, ஊரிலிருந்து வரவழைக்கும் புத்தகங்களில் கிடைக்காத பொருத்தம்.

நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்று கேட்பதில் தயக்கம் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஆறாம் பிரிவில், மேம்படுத்தி மதிக்கவேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் உரிமையைச் சொல்லி வாதாடுவதைவிட, பணியாளரின் வேலையை எளிதாக்கிக் கொடுப்பது விரைவில் பலன் தந்தது. நன்கொடையாகக் கொடுக்கும் புத்தகம் பட்டியலில் ஏறினால்தான் தட்டுக்கு வரும், பட்டியலிடுபவருக்கோ தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ரோமன் எழுத்தில் எழுதி, ஆங்கிலத்தில் இரண்டு வரிச் சுருக்கமும் பிள்ளையின் வயதும் குறித்த தாளை ஒட்டாமல் அட்டைக்குள் செருகிக் கொடுத்தோம். கம்பி அடித்த மெல்லிய புத்தகங்களை அவர்கள் ஏற்கவில்லை. அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்றார்கள். கெட்டி அட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவை இப்போது சிறுவர் பிரிவின் பிறமொழித் தட்டில் இருக்கின்றன. மெல்லியவற்றைக் கோயில் வகுப்பின் பெட்டியில் போட்டு, அவற்றுக்கும் பின்பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறோம். முத்திரை குத்தும் பொறுப்பை வாரத்துக்கொரு பிள்ளை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறது.